வற்றிப்போன தண்ணீர்ப் பூட்டு

மூன்று மணிக்கு வங்கியில் கையெழுத்து. பதினொரு மணிக்குப் போன் வந்தது. மூன்றாவது மாடி வீட்டு நாற்றம் தன் சமையலறை வரை இறங்கிவிட்டது என்று கீழ்வீட்டு அம்மாள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"நீங்க பிளம்பர்தானே? ஊர்க் குழாயெல்லாம் பார்க்கிறீங்க, சொந்தக் குழாயைப் பார்க்க நேரமில்லையாக்கும்."

வாஷர் பையை எடுத்தான். வாஷர் என்றால்தான் அவனைத் தெரியும். ஆள் சிறிசு, முகம் வட்டம். அவன் இல்லாத வேலை ஒழுகும் என்று கூட்டாளிகள் வைத்த பெயர்.

பதினாறு வருடம் சாக்கடைக்குள் கைவிட்டுச் சம்பாதித்ததில் ஒரு வீடு கட்டியிருந்தான். கீழே அவனும் மனைவியும், மாடியில் வாடகை. அந்தக் கடன் அடைந்த கையோடு அக்காள் புருஷன் வந்து உட்கார்ந்தார். வீட்டுத் தரகர். பேச ஆரம்பித்தால் சுவரும் தலையாட்டும்.

"சும்மா கிடக்கிற பத்திரம் தூங்கற காசு மாப்ளே. வீடு வீட்டைப் பெத்துப் போடும். நீ தொட்டிலை ஆட்டினா போதும்."

அப்படி, அதையே ஈடாக வைத்த கடனில் வந்ததுதான், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த இந்த இரண்டாவது வீடு. குடித்தனக்காரரையும் தரகரே பிடித்துத் தந்தார்: கப்பலில் வேலை, தனி ஆள், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. வாஷர் அவரைப் பார்த்ததே கிடையாது. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஒன்றாம் தேதி வாடகை வந்து விழும். ஐந்தாம் தேதி அதிலிருந்தே வங்கித் தவணை போய்விடும். எட்டு மாதமாக ஒரு நாள் பிசகவில்லை. தெருவில் போகும்போது நிமிர்ந்து பார்ப்பான். ஜன்னலில் நீலத் திரை ஆடும். ஆள் இருக்கிறார் என்று திருப்தியாக நடையைக் கட்டுவான்.

அந்த எட்டு மாத வாடகையைக் காட்டித்தான் அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு வங்கி கடன் தர இசைந்திருந்தது. ஈடு, இந்த முறை அவன் குடியிருக்கும் வீட்டுப் பத்திரம். புது வீடுகளுக்கு ஆள் வராவிட்டால் நாம் எங்கே போவது என்று மனைவி கேட்டாள். அக்கா வீட்டுக்காரர் நம்மைக் கவிழ்ப்பாரா என்று வாஷர் சிரித்தான்.

கிளம்பும் முன் கூப்பிட்டபோது கப்பல்காரரின் போன் அணைந்திருந்தது. மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தான். வாசலில் ஒரு ஜோடி செருப்பு, கூடத்தில் ஒரு நாற்காலி. நாற்றம் முகத்தில் அறைந்தது.

குளியலறைத் தரையில் மண்டியிட்டு, சல்லடை மூடியை நெம்பி, டார்ச்சை அடித்தான். வடிகாலுக்குக் கீழே குழாய் வளையும் இடத்தில் எப்போதும் ஒரு கை தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் மறிப்பது அதுதான். தண்ணீர்ப் பூட்டு என்பான் வாஷர். ஆள் புழங்கும் வீட்டில் அது வற்றவே வற்றாது.

அது சருகாகக் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் வெள்ளைப் படலம். சமையலறைத் தொட்டிக்குக் கீழேயும் அதே கதை. குழாயைத் திருகினான். காற்று இருமியது, பிறகு துருத் தண்ணீர் துப்பியது. ஒருமுறைகூடத் திறக்காத குழாய்.

இந்த வீட்டுக்கு யாரும் குடிவரவே இல்லை.

அப்படியானால் வாடகை கட்டியது யார்? காற்றுக்காக ஜன்னலுக்குப் போனவன் திரையைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். கீழ் ஓரத்தில், தெருவிலிருந்து தெரியாத இடத்தில், இலை வடிவத்தில் சிவப்பு ஒட்டுத் துணி. அக்கா வீடு மாறியபோது அவன் வாங்கிக் கொடுத்த திரை. அடுப்பு பட்டுக் கருகிய மூலையை மறைக்க அக்கா தைத்த இலை.

மூன்று மணிக்கு வங்கிக்குப் போனான். தரகர் பேனாவோடு காத்திருந்தார். வாஷர் நிதானமாக உட்கார்ந்து, நாற்றத்தைச் சரிசெய்யப் போனதையும், கப்பல்காரர் விடுப்பில் வந்திருந்ததையும், உட்காரவைத்துத் தேநீர் கொடுத்ததையும் சொன்னான்.

தரகரின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு முகம் மலர்ந்தது.

"எங்கிட்டயும் சொன்னாரு மாப்ளே. உன் வேலையை அப்படிப் புகழ்ந்தாரு."

"எப்போ அத்தான்?"

"இப்பத்தான், வர்ற வழியில."

வாஷர் மேசைமேல் இருந்த தன் பத்திரத்தை எடுத்து, பைக்குள் ஸ்பேனருக்கும் டார்ச்சுக்கும் நடுவில் செருகினான்.

"அந்தக் குழாய்ல எட்டு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி இறங்கலை. நான் என்ன தொழில் பண்றேன்னாவது ஞாபகம் வெச்சிருக்கலாம்."

தரகர் குரலைத் தாழ்த்திக் கொட்டினார். கட்டடக்காரருக்கு வீடுகள் விலைபோகவில்லை. எட்டு மாத வாடகை அந்தக் கட்டடக்காரரின் கைப்பணம். இன்னும் இரண்டை வாஷர் தலையில் கட்டினால் தரகருக்குக் கமிஷன் இரட்டிப்பு. ஆட்கள் எப்படியும் வந்துவிடுவார்கள் என்று சத்தியம் செய்தார். வங்கி அதிகாரி முத்திரையை மெல்லக் கீழே வைத்தார்.

வாசலுக்கு வந்தபோது அக்காவின் போன்.

"கையெழுத்து ஆச்சா தம்பி?"

"அக்கா, அந்த நீலத் திரை எங்கே?"

எந்தத் திரை என்று அக்கா கேட்டாள்.

"கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னியே. அவரு உன்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டாரா?"

அவளுக்கான பதிலை அவனே எடுத்து நீட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை விழுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"ஜன்னல் மொட்டையா இருந்தா நீ கண்டுபிடிச்சிருவேன்னு..." அக்கா அதைப் பாதியில் விட்டாள். "நான்தாண்டா மாட்டினேன்."

வாஷர் போனை அணைத்தான்.

குடியிருக்கும் வீடு தப்பித்தது. மூன்றாவது மாடி அவன் பேரில்தான் இருந்தது. ஐந்தாம் தேதித் தவணையும் அவன் தலையில்தான். மறுபடி படியேறினான். வடிகாலில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, நாற்றம் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு திரையை அவிழ்த்து, மடித்து, அந்த ஒற்றை நாற்காலியின்மேல் வைத்தான்.

மொட்டை ஜன்னலில் 'வாடகைக்கு' என்று ஓர் அட்டையைக் கட்டினான். கீழே தன் போன் நம்பரை மட்டும் எழுதினான்.