மருந்து அளந்த ஜக்கு

கந்தப்பளைக் குளிரில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் வெடித்துப் போகும். அதற்காகத்தான் சுதர்ஷினி தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்து உருக்கி, உடம்புச் சூட்டில் கரைகிற லோஷன் கட்டிகள் செய்யப் பழகியிருந்தாள். முதல் கட்டியைப் பக்கத்துக் காம்பரா வீட்டில் பிள்ளை பெற்றிருந்த சுலக்ஷனாவுக்குப் பரிசாகக் கொடுத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்த கணவன் ஜெயகாந்தன், அடுப்படியில் இருந்த பிளாஸ்டிக் ஜக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“இத யாரு உள்ள கொண்டாந்தது? புல்லு மருந்து அளக்குற ஜக்கு புள்ள இது! புல்லையே கருக்குற வெசம்!”

“வீட்டுக்குப் பின்னால கவுந்து கெடந்துச்சு. கழுவிட்டுத்தாங்க எண்ணெய் அளந்தேன்...”

சொல்லி முடிக்கும் முன்பே அவள் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். சுலக்ஷனா உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள்.

“மெதுவாக்கா! ராத்திரி பூரா கத்துனவன், ஒங்க கட்டியத் தேச்சதும் அசையாமத் தூங்குறான். மந்திரக்காரி நீங்க.”

சுதர்ஷினி துணியை விலக்கினாள். குழந்தையின் நெஞ்சு எண்ணெயில் மினுங்கியது.

“புல்லு மருந்து ஜக்குலதான் எண்ணெய அளந்திருக்கேன்” என்றாள்.

சுலக்ஷனாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

சவர்க்காரம் போட்டுக் கழுவியபோது பிள்ளை வீறிட்டான். ஆட்டோ ஆஸ்பத்திரியை நோக்கி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஓடியது. அந்த அழுகை கேட்கும்வரைதான் சுதர்ஷினிக்கு மூச்சு வந்தது. அது தேயும்போதெல்லாம் சுலக்ஷனா பிள்ளையின் பாதத்தைக் கிள்ளினாள். கத்து ராசா, இன்னும் கத்து என்று சுதர்ஷினி மனத்துக்குள் கெஞ்சினாள்.