கேள்வி கேட்காத பாத்திரக்கடை

மனிதன் குகையை விட்டு வெளியே வந்தது நெருப்பைக் கண்டுபிடித்ததால் அல்ல, பக்கத்துக் குகைக்காரனைப் பார்த்து "எதுக்கு?" என்று கேட்பதை நிறுத்தியதால்தான். நாகரிகம் அன்றைக்குப் பிறந்தது. அதற்குப் பிறகு அது முழுமை பெற்றது உலகத்தில் மூன்றே இடங்களில்: லண்டன், பம்பாய், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலுள்ள குற்றாலலிங்கம் பாத்திரக்கடை.

இதைச் சொன்னவர் குற்றாலலிங்கம்.

லண்டனை அவர் பார்த்ததில்லை. பம்பாயில் பதினோரு மாதம் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒருநாள் ஒரு மனிதர் வந்து ஒரே அளவில் ஏழு வாளி வாங்கிக்கொண்டு போனாராம். எதற்கு என்று கடையில் ஒருவர் கேட்க வேண்டுமே! வாங்கியவரும் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் திரும்பித் தகப்பனாரின் கடையில் உட்கார்ந்த 1957 முதல், இந்த 1979 வரை, இருபத்திரண்டு வருஷமாக எந்த வாடிக்கையாளரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஏழு வாளி எதற்கு என்பது மட்டும் இன்றுவரை அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நாகரிகத்தில் வயதானவர்களுக்குத்தான் சிரமம். வயதானவர் ஒருவர் கரண்டி வாங்க வருகிறார் என்றால் கரண்டிக்காக மட்டும் வருவதில்லை. பழைய கரண்டி என்ன ஆயிற்று, அதை ஒடித்த மருமகள் எந்த ஊர்க்காரி என்பதெல்லாம் கரண்டியோடு சேர்ந்தது. அவர்கள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், தொண்டையைச் செருமுவார்கள், யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா என்று நிற்பார்கள். குற்றாலலிங்கம் பில்லை நீட்டிவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அவர்கள் பெருமூச்சோடு பக்கத்துக் கடைக்குப் போவார்கள்.

பக்கத்துக் கடை சிவகாமியம்மாளின் நாட்டு மருந்துக் கடை. நாகர்கோவில் பக்கத்து மனுஷி. அவரிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு துண்டு சுக்கு வாங்க முடியாது.

"கடுக்காயா? எதுக்காக்கும்? ஆரு சொன்னா? இண்ணைக்கே வேணுமா?"

குற்றாலலிங்கம் அவருக்குச் 'சாலை சி.ஐ.டி.' என்று பெயர் வைத்திருந்தார். "அக்கா, உங்க கடைக்கு வாறவன் கூடவே ஒரு வக்கீலையும் கூட்டிட்டு வரணும் போலிருக்கே" என்பார்.

"உங்க கடைக்கு வாறவனுக்கு நாக்கே வேண்டாமே, தம்பி. பூனைகூட வந்து வாங்கிட்டுப் போலாம்" என்பார் சிவகாமியம்மாள்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வியாபாரிகள் சங்கக் கூட்டம் ஒன்று ஜவுளிக்கடை மாடியில் நடந்தது. அந்தக் கடையின் முதலாளியும் சங்கக் காரியதரிசியுமான ஞானசிகாமணி விஷயத்தைச் சொன்னார். நகைக்கு மெருகு போடுவதாக ஒருவன் ஊருக்குள் திரிகிறான். வயதானவர்களாகப் பார்த்துத்தான் பிடிக்கிறான். செப்புப் பானை, சிவப்புப் பட்டுத்துணி, படிகாரம் எல்லாவற்றையும் அவர்களையே புதிதாக வாங்கிவரச் சொல்கிறான். 'யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் மெருகு ஏறாது' என்பது நிபந்தனை. நகையைப் பானைக்குள் போட்டு, மூடி, பட்டால் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறக்கச் சொல்கிறான். திறந்தால் கூழாங்கல். இதுவரை இரண்டு பேர்.

சிவகாமியம்மாள் எழுந்தார். "ரெண்டு பேரும் படிகாரம் வாங்கினது எங்கிட்டேதான். எதுக்குன்னு கேட்டேன். சவரத்துக்குன்னு சொன்னாவ. ரெண்டாவது ஆளு ஒரு பொம்பளை. நான் அதை யோசிக்காம விட்டுட்டேன் பாத்தேளா, அது எனக்கு இப்பவும் பொறுக்கல்லே. இனிமே வயசானவங்க ஆரு வந்தாலும், எல்லாக் கடையிலும் மூணு கேள்வி கேக்கணும். உக்கார வெச்சுக் கேக்கணும். எதுக்கு, ஆரு சொன்னா, இண்ணைக்கே வேணுமா. திருடனுக்கு வேண்டியது ரகசியமும் அவசரமும். ரெண்டையும் நாம கெடுத்துட்டாப் போரும்."

"அந்த ரெண்டு பானையிலே ஒண்ணு நம்ம குற்றாலலிங்கம் அண்ணாச்சி கடைப் பானை" என்று ஞானசிகாமணி மெல்லச் சொன்னார்.

"பானை ஒழுகிச்சா?" என்றார் குற்றாலலிங்கம்.

"இல்லை."

"பின்னே?"

பிறகு அவர் எழுந்து நின்று பேசினார். கடை என்ன போலீஸ் ஸ்டேஷனா? இன்றைக்குப் பானை எதற்கு என்று கேட்போம், நாளைக்கு ஜவுளிக்கடையில் கோவணத்துணி எதற்கு என்று கேட்போம், எங்கே போய் முடியும்? பலத்த கைதட்டல். உடனே வாக்கெடுப்பு நடந்து சிவகாமியம்மாளின் தீர்மானம் இருபத்துமூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. கைதட்டியவர்கள் யார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சாம்பசிவன் கடைக்கு வந்தார்.

ஸ்ரீவராகத்துக்காரர், எழுபத்துநாலு வயது. முப்பது வருஷம் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஓவர்சியராக இருந்தவர். பம்ப் அவர் காதை எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டிருந்தது. சாதாரணமாகப் பேசினாலே தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் நிற்பவனுக்குச் சொல்வது மாதிரி இருக்கும். அன்றைக்கு மட்டும் அவர் கிசுகிசுத்தார். அதாவது, நாலு கடை தாண்டிக் கேட்கவில்லை.

"ஒரு செப்புப் பானை வேணும். புதுசா. மூடி நன்னா இறுகணும்."

குற்றாலலிங்கம் எடுத்து வைத்தார். அப்போதுதான் கவனித்தார். சாம்பசிவன் கக்கத்தில் ஒரு பொட்டலம். அதன் வாயில் சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்தது. இன்னொரு கையில் ஒரு காகிதப் பொட்டலம். ஓரத்தில் வெள்ளையாகப் படிகாரத் தூள். இரண்டும் வேறு தெருவில் வாங்கியவை; சாலையில் என்றால் மூன்று கேள்வி கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள். இடுப்பு வேட்டி மடிப்பில் ஏதோ கனமாக இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குற்றாலலிங்கம் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. கேட்டால் இருபத்திரண்டு வருஷம் போயிற்று. கேட்காவிட்டால் இந்த மனிதரின் மடியில் இருப்பது போயிற்று. கேள்விக்குறி இல்லாமல் கேட்க முடியுமா என்று முயன்று பார்த்தார்.

"சிலபேர் இந்தப் பானையை நகை மெருகு போடறதுக்கு வாங்குதாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாமா, சாயங்காலம் மழை வரும்" என்றார் சாம்பசிவன்.

"ஏமாத்துக்காரங்க நிறையப் பேர் சுத்துதாங்க."

"சாத்தமுதா? ரசத்துக்கு ஈயச்செம்புன்னா வேணும்? இது வேறே." பணத்தை வைத்துவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டார். "நாழியாச்சு. பத்தரைக்கு முகூர்த்தம்."

வாசலில் மைதீனின் ஆட்டோ நின்றது. சாம்பசிவன் அதில் ஒரு காலை வைத்துவிட்டார். குற்றாலலிங்கம் பில் புத்தகத்தைப் பார்த்தார். ஏமாந்தவர் போன மாதம் வாங்கிய பானையின் பில்லும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. அடுத்த நொடி அவர் கல்லாவைத் தாண்டி, செருப்பில்லாமல், தெருவின் நடுவில் நின்றார்.

"எதுக்கு?"

சாம்பசிவன் காதில் கையைக் குவித்தார். "என்னது?"

"எதுக்கு-உ-உ?"

வாழைத்தார் சுமந்து போன சுமட்டுக்காரர்கள் நின்றுவிட்டார்கள். தராசைப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே இருந்தார்கள். சிவகாமியம்மாள் கடைக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்தார். சாலையில் ஒரு சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை. "எந்து பற்றி, அண்ணாச்சி?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறினான் ஒரு சுமட்டுக்காரன். அண்ணாச்சிக்குச் சித்தபிரமை என்றே அவன் நினைத்தான்.

"பானை! செப்புப் பானை! எதுக்கு? யாரு சொன்னா? இன்னிக்கே வேணுமா?" மூன்றையும் குற்றாலலிங்கம் ஒரே மூச்சில் கத்தி முடித்தார்.

சாம்பசிவனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. ஆட்டோவில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"அட, கேட்டேளே! என்னை ஆரானும் ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமோ? எங்காத்து வாலாம்பாள்கூட விட்டுட்டா. கேட்டாலும் எனக்குக் கேக்காதாம், அதனாலே கேக்கறதில்லையாம்." பிறகு அக்கம்பக்கம் பார்த்து, ரகசியம் சொல்லுகிற பாவனையில் குனிந்து, பம்ப் ஹவுஸ் குரலில் சொன்னார்: "வெளியிலே சொல்லப்படாது! நாளன்னிக்கு எங்களுக்கு ஐம்பதாவது கல்யாண நாள்! அவளோட காசுமாலையை அவளுக்குத் தெரியாம எடுத்துண்டு வந்திருக்கேன்! மடியிலே இருக்கு! தம்பானூர் லாட்ஜிலே ஒரு மைசூர் சாஸ்திரி மெருகு போட்டுத் தரார்! மூணாம் மாடி, பதினேழாம் நம்பர் ரூம்! ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார்!"

சாலைக் கடைத்தெரு முழுதும் சத்தியத்தைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்து, தம்பானூருக்குப் புறப்பட்டது.

மைதீனின் ஆட்டோவில் சாம்பசிவன், சிவகாமியம்மாள், பானை. பின்னால் சைக்கிள்களில் ஞானசிகாமணியும் சங்கத்துக்காரர்களும். சுமட்டுக்காரர்கள் குறுக்கு வழியில் ஓடி எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். குற்றாலலிங்கம் யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்னால், இன்னும் செருப்பில்லாமல், உட்கார்ந்திருந்தார்.

பதினேழாம் நம்பர் கதவைத் திறந்த மைசூர் சாஸ்திரி காது கேட்காத ஒரு கிழவரை எதிர்பார்த்தார். படிக்கட்டு முழுவதும் ஆட்கள் நின்றார்கள். சிவகாமியம்மாள் பானையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது எதுக்காக்கும்?"

சாஸ்திரி ஓரடி பின்வாங்கினார்.

"ஆரு சொன்னா?" என்றார் ஞானசிகாமணி.

"இண்ணைக்கே வேணுமா?" என்று சுமட்டுக்காரர்கள் கோஷம் மாதிரி கேட்டார்கள்.

பல ஊர்களில் தொழில் செய்த சாஸ்திரி தப்பிக்க வழி தேடினார். ஜன்னலைப் பார்த்தார்; கீழே மைதீன் ஆட்டோவில் சாய்ந்து கைகாட்டினான். போலீஸ் வந்து கட்டிலை நகர்த்தியது. அடியில், மாற்றி வைப்பதற்குத் தயாராகப் பட்டுத்துணி கட்டிய பானைகள் நான்கு, ஒரு பை கூழாங்கல், முன்பு ஏமாந்த இருவரின் சங்கிலிகள்.

"இவ்வளவு பேரும் மெருகு போடவா வந்திருக்கேள்?" என்று சாம்பசிவன் சந்தோஷமாகக் கேட்டார். குற்றாலலிங்கம் அவர் காதருகே போய் விஷயத்தைச் சொன்னார். நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவைதான் சாம்பசிவனுக்குப் புரிந்தது. மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குற்றாலலிங்கத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார்.

சனிக்கிழமை ஸ்ரீவராகத்தில் விருந்து. வாலாம்பாள் மெருகில்லாத காசுமாலையைப் போட்டுக்கொண்டு, கதையைக் கணவர் வாயிலிருந்தே ஒன்பது முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் "அப்புறம்?" என்று அவர் காதில் கத்தினார். குற்றாலலிங்கம் மூன்று கிண்ணம் பாயசம் சாப்பிட்டார்.

கொள்கையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் வாடிக்கையாளரைக் கேக்கலே, ஓய்" என்று சங்கத்தில் விளக்கினார். "பில் போட்டாச்சு. பில் போட்டதுக்கப்புறம் அவர் பொதுஜனம்."

பத்து நாள் கழித்து, மத்தியானம் தெரு ஓய்ந்திருந்த நேரத்தில், வாலாம்பாள் தனியாகக் கடைக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சின்னதா ஒரு எவர்சில்வர் டப்பா வேணும். பூட்டுப் போடறாப்போல. அவருக்குத் தெரியப்படாது."

குற்றாலலிங்கம் டப்பாவை எடுத்தார். துடைத்தார். பில் புத்தகத்தைத் திறந்து, மறுபடியும் மூடினார். பக்கத்துக் கடையில் சிவகாமியம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கண்ணயர்ந்திருந்தார். நன்றாகத்தான் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளேயிருந்து ஒரு முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து போட்டார்.

"உக்காருங்க, மாமி" என்றார். கல்லாவின் மேல் குனிந்து, மருந்துக் கடைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எதுக்கு?"