போணி மூடை

ஹமீதா பானு கீழக்கரையில் உம்மா வீட்டில்தான் இருந்தாள். ஊர் வழக்கம் அது. கல்யாணம் ஆனாலும் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து தங்கிப் போவார். அவளுடைய மாப்பிள்ளை சுஐபு துபாயிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் தங்குவான். வந்தால் வீடு கலகலப்பாகிவிடும். நல்ல பேச்சுக்காரன். சாப்பிட்ட தட்டைக்கூடப் பேசிப் பேசியே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவான், வாங்கியவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

2006 விடுமுறையில் அவன் பெட்டியில் சென்ட் பாட்டில்களோடு மூன்று கனத்த புத்தகங்களும் வந்தன. துபாயில் அவன் தங்கமும் அந்நியச் செலாவணியும் வாங்கி விற்கிற கம்பெனியில் மேசை வேலை பார்த்தான். மேலே போக ஒரு சான்றிதழ் வேண்டும். விலை போன தடத்தைப் படமாக வரைந்து, அந்தப் படத்தை வைத்து அடுத்து அது எங்கே போகும் என்று சொல்கிற கலைக்கு உலகத்திலேயே பெரிய பரீட்சையாம். மூன்று கட்டம். முதல் இரண்டும் எழுத்துப் பரீட்சை. மூன்றாவதில் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நாம ரெண்டு பேரும் எழுதுவோம் புள்ள. நீ பி.காம்.ல முதல் வகுப்பு. இது வீட்டுல இருந்தே பாக்குற வேலை. ஒரு கம்ப்யூட்டர் போதும், பம்பாய்க்காரன்லாம் உங்கிட்ட கேட்டுட்டுத்தான் வாங்குவான், விப்பான்," என்றான்.

அந்த 'நாம'வில்தான் ஹமீதா விழுந்தாள். அவள் முதல் வகுப்பில் தேறியது பீரோவுக்குள் இருந்த காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். கட்டிய புருஷன் அதை ஞாபகம் வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் மனசு குளிராது?

பரீட்சைக்குப் பெயர் பதிவதை அவன் பொறுப்பில் விட்டாள். வெளிநாட்டு வங்கி அட்டை வேண்டும், அது அவனிடம் இருந்தது. முதலில் தான் எழுதி வழி பார்ப்பதாகவும், அடுத்த வட்டத்தில் அவள் பெயருக்குப் பணம் கட்டுவதாகவும் சொல்லிவிட்டு விமானம் ஏறினான். புத்தகங்களை அவளிடமே விட்டுப் போனான். அவனுக்கு வேறு ஒரு செட் இருப்பதாகச் சொன்னான். அந்த செட் அவன் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தது என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து, பிரியாணி தின்றுவிட்டு, சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அவன் போன் போடுவான். ஹமீதா அந்த வாரம் படித்ததைச் சொல்லிக் கொடுப்பாள். பலகணி ஓரமாக உட்கார்ந்து, மடியில் கிராப் நோட்டை வைத்துக்கொண்டு, விலைக்கோட்டில் தலையும் இரண்டு தோளும் போல ஓர் உருவம் வந்தால் ஏன் விலை இறங்கும் என்று விளக்குவாள். ஒவ்வொரு நாள் விலையையும் ஒரு மெழுகுவர்த்தி வடிவத்தில் வரைகிற மெழுகுவர்த்திப் படம் என்று ஒன்று உண்டு. அதைப் புரியவைக்க மூன்று வெள்ளிக்கிழமை பிடித்தது. கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியைத் தவிர வேறு எதுவும் சுஐபுக்குப் பிடிபடவில்லை. நடுவில் குறட்டைச் சத்தம்கூடக் கேட்கும். "மச்சான், முழிச்சிருக்கீங்களா?" என்பாள். "நீ சொல்லு புள்ள, கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்று வரும்.

அப்படிக் கேட்டே முதல் கட்டத்தில் தேறிவிட்டான். "நாம பாஸாயிட்டோம்," என்று போனில் கத்தினான். ஹமீதாவின் உம்மா லத்தீபா தேங்காய்ப்பால் விட்டுத் தொதல் இனிப்புக் கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். மாப்பிள்ளை பாஸ் என்றுதான் தெருவில் சொன்னாள், வேறு எப்படிச் சொல்வாள்?

"என் பேரு?" என்று ஹமீதா கேட்டாள்.

"கட்டியாச்சு. மதுரையிலயே சென்டர் போடப் போறாங்களாம். நீ சென்னைக்கு அலைய வேணாம்னு பரீட்சைத் தேதிய மட்டும் தள்ளி வச்சிருக்கேன்."

எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். அவன் இரண்டாவது கட்டமும் தேறினான். மதுரை சென்டர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அவள் சும்மா காத்திருக்கவில்லை. மூன்றாவது கட்டத்துக்கான தன் கட்டுரையை இப்போதே தொடங்கினாள். புத்தகத்தில் இருந்ததெல்லாம் நியூயார்க்கும் லண்டனும். இந்தத் தலையும் தோளும் நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குச் செல்லுமா என்று பார்க்க ஆசைப்பட்டாள். உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஏர்வாடி தர்காவுக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தில் நெருக்கியடித்து பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் ஒரு மிளகாய்க் கமிஷன் கடைக்குப் போனாள். அங்கே கணக்குப்பிள்ளை பூமிநாதன். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி, விவசாயக் குடும்பம். ஒவ்வொரு வாரச் சந்தையின் விலையையும் எட்டு வருஷமாக நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"எதுக்குத் தாயி இந்தப் பழைய விலையெல்லாம்? இதை வச்சு என்ன செய்யப் போற?"

"படம் போடப் போறேண்ணே."

"மிளகாய்க்கா?" என்று அவர் சிரித்தார். ஆனால் நோட்டை எடுத்துக் கொடுத்தார். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி, ஐந்து தடவை போய் அத்தனையையும் எழுதி எடுத்து வந்தாள்.

படம் போட்டபோது ஒரு வினோதம் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை தொடங்குகிற முதல் சந்தையில் விலை விருட்டென்று மேலே ஏறி, அடுத்த வாரமே தரைக்கு வந்துவிடும். எட்டு வருஷமும் அப்படியே. புத்தகத்தில் இதற்குப் பெயர் இல்லை. திரும்பவும் பஸ் ஏறிப் போய்ப் பூமிநாதனிடம் கேட்டாள்.

"அது போணி மூடை தாயி. வருஷத்துல முத மூடை எறங்குதுல்ல, அதை யாரு எடுக்கிறதுன்னு யாவாரிகளுக்குள்ள போட்டி. விலை பாக்க மாட்டாக. கொண்டாந்த சம்சாரிக்கு மாலை போட்டுத் துண்டு கட்டி, கேட்ட விலை கொடுப்பாக. அது மிளகாய்க்கு விலை இல்ல, வெள்ளாமைக்கு மரியாதை. அன்னைக்குப் பலகையில அந்த விலையத்தான் எழுதுவோம்."

ஹமீதா வீட்டுக்கு வந்ததும் கிராப் நோட்டைத் திறந்தாள். அந்த ஒரு வாரத்தை நீக்கிவிட்டுப் படம் போட்டாள். கோணல்மாணலாகக் கிடந்த கோடு ஒழுங்குக்கு வந்தது. தலையும் தோளும் தெளிவாகத் தெரிந்தன. மரியாதையை விலையிலிருந்து பிரித்தால்தான் சந்தையின் நிஜப் போக்கு தெரியும் என்று எழுதினாள். கட்டுரையின் உயிரே அந்த இரண்டு பத்திதான். அதை எழுதிய அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சுஐபு கேட்டான். "அனுப்பு, பாத்துட்டுத் தாரேன். இங்கிலீசு சரியா இருக்கான்னு இங்க ஒருத்தர்ட்ட காட்டுறேன்." பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இமெயிலில் அனுப்பினாள். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. "நல்லா இருக்கு," என்ற ஒரு வரி. அதற்குப் பிறகு, தான் மூன்றாவது கட்டம் முடித்துவிட்டதாகச் சொன்னான். எதைப் பற்றி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, தங்கம் பற்றி ஏதோ என்று பேச்சை மாற்றினான். உம்மா மறுபடியும் தொதல் கிண்டினாள்.

2008இல் மதுரையில் சென்டர் வந்துவிட்டது என்று ஹமீதாவே செய்தித்தாளில் பார்த்தாள். ஹால் டிக்கெட் எடுக்கலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பரீட்சை நடத்துகிற நிறுவனத்தின் பக்கத்தில் பெயரைத் தட்டினாள். அப்படி ஒருவரும் இல்லை என்றது. நம் பெயரை இங்கிலீஷில் எழுதுவதில் ஆளுக்கு ஒரு விதம். ஹமீதாவுக்கு ஓர் எழுத்து கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். பானுவுக்கு நடுவில் ஓர் எழுத்தைச் செருகிப் பார்த்தாள். வாப்பாவின் இனிஷியலை முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள். பதினொரு விதமாகத் தட்டியும் இல்லை. ஒருவேளை புருஷன் பெயரைச் சேர்த்துக் கட்டியிருப்பானோ என்று சுஐபு என்று தட்டினாள்.

அவன் பெயர் வந்தது. படத்தோடு வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த கட்டுரை என்று நிறுவனமே பதிப்பித்திருந்தது. தலைப்பில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருந்தது.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் கட்டுரை அச்சில் வந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தாள், பைத்தியக்காரி. பிறகு படித்தாள். அவளுடைய வாக்கியங்கள், அவளுடைய படங்கள், ஐந்தாவது படத்தில் அவள் தவறாகப் போட்ட ஒரு புள்ளிகூட அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் மாற்றம். போணி மூடையைப் பற்றிய இரண்டு பத்தியும் இல்லை. 'பருவத்தின் முதல் வாரம் சந்தைக்கு விடுமுறை என்பதால் நீக்கப்பட்டது' என்று ஒரே வரி. கடைசியில் நன்றி போட்டிருந்தான், தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. எடுத்ததும் கேட்டுவிட்டாள்.

"என் பேர நீங்க கட்டவே இல்லையா மச்சான்?"

"கட்டலாம்னுதான் இருந்தேன். உனக்கு இப்ப என்ன அவசரம்? நீ வெளிய வேலைக்கா போகப் போற?"

"கட்டுரை?"

"எனக்கு நேரமே இல்ல புள்ள, கடைசித் தேதி வந்துருச்சு. யாரு எழுதினா என்ன, பட்டம் நம்ம வீட்டுக்குத்தானே வருது? நாம வேற வேறயா?"

"போணி மூடைய ஏன் எடுத்தீங்க?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. மற்றதுக்கெல்லாம் பதில் வைத்திருந்தான். "மாலை, துண்டு, மரியாதைன்னு எழுதினா வெள்ளைக்காரன் சிரிப்பான். என் பேருல போறது. அதான் லீவுன்னு போட்டேன்."

திருடியதைக்கூட அவள் பொறுத்துப்போயிருக்கலாம். திருடிய பொருளைப் பார்த்தே வெட்கப்பட்டிருக்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை. தன்னைப் பற்றியும் அவனுக்கு அப்படித்தானோ என்று தோன்றியது. போனை வைத்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை போன் அடித்தால் உம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவன் குரல் அடுத்த அறையிலிருந்து கேட்டால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாள். கட்டுரை தன்னுடையது என்று கிராப் நோட்டின் பக்கங்களை எல்லாம் படியெடுத்து அனுப்பினாள். குடும்பத்துக்குள் உள்ள விவகாரத்தில் தாங்கள் தலையிட இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அன்றைக்கு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தாள். வேறு யார் தயவும் இல்லாமல், தன் கையால் தன் பெயரை எழுதி, முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதித் தேறிவிடுவது. அப்போது என் எழுத்து யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று உம்மாவிடம் சொன்னாள்.

லத்தீபாவுக்கு இந்தச் சண்டை முழுக்கப் புரியவில்லை. மாப்பிள்ளையோடு மகளுக்கு மனஸ்தாபம், காரணம் மிளகாய் என்ற அளவில் விளங்கியிருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்தாள், பணம் கட்ட வெளிநாட்டு அட்டை உள்ள ஓர் ஆளையும் பிடித்தாள், பெயரை ஹமீதாவே தட்டினாள். 2009இல் மதுரைக்கு மகளோடு பஸ் ஏறினாள்.

பரீட்சை கம்ப்யூட்டரில். கேள்வி திரையில் வரும், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்து அமுக்க வேண்டும். இரண்டு வருஷம் இன்னொருத்தனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், ஹமீதாவின் கை தயங்கவே இல்லை. தலையும் தோளும் வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. கடைசிப் பகுதி, நிறுவனம் பதிப்பித்த ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து.

மூன்றாவது கேள்வி அவளுடையது.

சுஐபுவின் மிளகாய்ச் சந்தை ஆய்வில் ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரம் நீக்கப்பட்டதற்குக் காரணம் என்ன? மழை. விவரம் கிடைக்காமை. சந்தை விடுமுறை. வரத்துக் குறைவு.

நாலையும் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த பதில் நாலிலும் இல்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், ஒரு மார்க்கில் குடி முழுகிவிடாது. ஆனால் அவன் காரணமாக இனி ஒரு மார்க்கைக்கூட இழக்கக் கூடாது என்ற வீம்பும் இருந்தது. வந்தது தேறுவதற்கு. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹமீதா 'சந்தை விடுமுறை'யை அமுக்கினாள்.

முடிவு அங்கேயே அச்சாகி வந்தது. தேர்ச்சி. ஆய்வுக் கட்டுரைகள் பகுதியில் முழு மதிப்பெண் என்று தனியாகப் போட்டிருந்தது.

வாசலில் லத்தீபா நின்றிருந்தாள். மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"பாஸா?"

"பாஸும்மா."

"பெறகு ஏன்மா அழுவுறே?"

"போணி மூடை பத்திக் கேட்டிருந்தாங்க. தெரிஞ்சே தப்பா எழுதினேன். அதுக்கும் மார்க் போட்டுட்டாங்கம்மா."