இமாம்பசந்த் என்று நட்ட மரம்

1

இந்தக் கதை புளிப்பில் பிறந்தது. போன வைகாசியில் அமராவதிபுதூர் நாகேந்திரன் வீட்டு விருந்தில் ஒரு மாம்பழத் துண்டை நீட்டி, “இமாம்பசந்த்” என்றார்கள். காதுவரை கூசியது. “பிரமாதம்” என்றேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரனுக்கு இது பழகிய பொய்.

அடுத்துத் தின்ற அவர் சம்பந்தி ஆசைத்தம்பி தொடர்கதை எழுதுவதில்லை. துப்பிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: ‘செம்மண் தோப்பில் நின்ற நாகேந்திரனின் கண்களில் கனவு…’

(அடித்துவிட்டேன். கண்ணில் இருந்தது பூச்சிமருந்து.)

இரண்டாவது: ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் நாகேந்திரன் தோப்பில் மூன்று ரகம் வைத்தார். வெளியூரில் வாங்கிய பங்கனப்பள்ளியும் மல்கோவாவும் இனித்தன. உள்ளூர் வீரலட்சுமியிடம் வாங்கிய இமாம்பசந்தைப் பற்றி, அது காய்க்கும் முன்பே, ஆறு வருஷமாகச் சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டார். அதை நம்பித்தான் ஆசைத்தம்பி, கோட்டையூர் நிலத்துக்கு அவளிடமே இருநூறு கன்று சொல்லிவைத்திருந்தார். துப்பிய கையோடு, “வேணாம்னு சொல்லிருங்க” என்றார். நாகேந்திரன் அவளையே வரச்சொன்னார்.

3

வீரலட்சுமி, ஏழை என்றாலும் மானமுள்ள

(வேண்டாம். அவளுக்கு இரண்டு ஏக்கரில் கன்றுப் பண்ணை இருக்கிறது.)

வந்தவள் மரத்தடியில் குந்தி மண்ணைச் சுரண்டினாள். ஒட்டுக் கட்டிய தழும்புக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு காய்ந்த முண்டு.

(குறிப்பு: ஒட்டுக்கன்றின் வேர் நாட்டு மாவுடையது, மேலே ஒட்டியதுதான் நல்ல ரகம். தழும்புக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாவிட்டால் நாட்டு மா மேலேறிவிடும். கதாநாயகன் நாகேந்திரன் என்றுதான் நானும் ஆரம்பித்தேன்.)

“அண்ணே, கன்னா இருக்கையில கீழ எதுவும் துளிர்த்துச்சா?”

“துளிர்க்காம? தளதளன்னு வந்துச்சு. மேல நோஞ்சானா ஒண்ணு நின்னுச்சு, அதை வெட்டிப்புட்டு இதைத்தான் வளத்தேன். புள்ளை மாதிரி வளத்தேன் தாயி. நீ இப்படி ஏமாத்திட்டியே.”

“அவுக வளர்ப்புல கொறை சொல்ல முடியாது” என்றார் ஆசைத்தம்பி. “கன்னுதான் சரியில்ல.”

நாகேந்திரனின் மனைவி அகிலா, “வெட்டாதீக” என்று அன்றைக்கே சொன்னவள், கணவருக்குப் பின்னால் நின்று வீரலட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தாள். சொல்ல வேண்டாம் என்று. அகிலாவின் மகள் ஜனனி மருமகளாக வாழ்வது ஆசைத்தம்பி வீட்டில்.

வீரலட்சுமிக்கு இருநூறு கன்றுகூடப் பெரிதில்லை. இந்தப் பேச்சு கோட்டையூருக்குப் போனால் அந்தப் பக்கம் இனி எவரும் அவளிடம் கன்று வாங்கமாட்டார்கள்.

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். சம்பந்தி வீட்டில் நாகேந்திரனை ஆயுளுக்கும் சிரிப்பார்கள்.

முடிவு இரண்டு: பழியை ஏற்கிறாள். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். பெண் பழி ஏற்றால் வாசகர் கடிதம் குவியும்.)

முடிவு மூன்று: “ரெண்டு கொப்புல திரும்ப நல்ல ஒட்டுக் கட்டித் தாரேண்ணே” என்கிறாள். (தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இதை அவளே அடிக்கச் சொன்னாள்.)

அப்படியானால் எப்படித்தான் முடிக்க?

“நீங்க எப்படி முடிச்சாலும் உங்க கதையை அடுத்த வாரமும் வாங்குவாக. எங் கன்னை யாரு வாங்குவா?”

ஆகவே, வாசகரே, நான் விலகிக்கொள்கிறேன். ஆசைத்தம்பியின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். நாகேந்திரன் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. வீரலட்சுமி கை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து உங்களைப் பார்க்கிறாள்.

கன்றுகள் வேண்டுமா, வேண்டாமா?