விக்கலுக்கு ஒரு வாய் தண்ணீர்

பாலுசாமிக்கு வந்த விக்கல் லேசில் போகிற விக்கலாக இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த நாளிலிருந்து விக்கிக்கொண்டே இருந்தார். தூக்கத்தில்கூட விக்கினார்.

"யாரோ நெனைக்கறாங்க போலிருக்குதுங்க" என்று மனைவி பொற்கொடி ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தாள். சரியான பேரைச் சொன்னால் விக்கல் நின்றுவிடுமாம். துடியலூரில் அவர் நடத்தும் பம்ப் கம்பெனியின் ஆட்கள் அத்தனை பேரையும் சொன்னாள், சம்பந்தி வீட்டாரைச் சொன்னாள், பால்காரரையும் விடவில்லை. ஒரு பேரை மட்டும் தொடவே இல்லை. அந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிப் பல வருஷமாகிறது.

அது அவருடைய தங்கை கருப்பாத்தாளின் பேர். மதுக்கரையில் அவள் மகன் கல்யாணத்தில், தாய்மாமன் சீருக்கு இவரைக் கூப்பிடும் முன்பே வேறு யாரையோ மேடையேற்றிவிட்டார்கள். வீடியோக்காரர் அவசரப்படுத்தினாராம். பாலுசாமியா பொறுப்பார்? தலையில் கட்டியிருந்த உருமாலைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "இனி உன்ற ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சபையில் சொன்னார். கும்பிட்டு நின்ற தங்கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்க முடியாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் கஞ்சி ஊற்றினார்கள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வரும் ஷ்ரவ்யா பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"மூளைத்தண்டுல அடைப்புங்கய்யா. பின்மண்டைக்குக் கீழ, உங்க கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். ஆனா மூச்சு, குரல், முழுங்கறது எல்லாத்தையும் அதுதான் பாத்துக்குது. தொண்டைக்குப் போற ஒம்பதாவது, பத்தாவது நரம்பு இருக்குதுங்களே, அதுல இடப்பக்கம் அடிபட்டுருச்சு. விக்கலும் அதனாலதான். யாரும் நெனைக்கறதால இல்லீங்க."

"தண்ணியாவது ஒரு மொடக்கு குடுக்கலாமுங்களா?" என்றாள் பொற்கொடி.

"சோத்தவிடத் தண்ணிதாங்க ஆபத்து. மூச்சுக்குழாய் மூடறதுக்குள்ள ஓடி நுரையீரலுக்குப் போயிரும்."

பாலுசாமிக்கு அது சட்டென்று புரிந்தது. காலமெல்லாம் பம்ப் செய்து விற்றவர், வால்வு போனால் தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியாதா? ஊரெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லையே என்று அவருக்குச் சிரிப்பாகவும் துக்கமாகவும் இருந்தது.

மறுநாள், பொற்கொடி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் கருப்பாத்தாள் வந்து நின்றாள். யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ. "அண்ணா" என்றாள். அவருக்குக் கண் கலங்கியது, கூடவே விக்கலும் வந்தது. விக்கலைக் கேட்டால் யார் கைதான் தண்ணீரைத் தேடாது? பக்கத்திலிருந்த பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றி, அவர் தலையைத் தாங்கி வாயருகில் கொண்டுவந்துவிட்டாள்.

அவர் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்ல வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது.

கருப்பாத்தாள் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். "இன்னும் மனசு ஆறலீங்களாண்ணா? செரீங்க, நான் போயிட்டு வாரேன்."

பொற்கொடி திரும்பி வந்து, பக்கத்துக் கட்டில்காரர் சொல்லி விஷயம் தெரிந்ததும் பதறிப்போய்ப் போன் போட்டாள். தொண்டையில் நரம்பு கெட்டிருக்கிறது, குடிக்கவே கூடாது என்று விளக்கினாள். "அப்படீங்களா நங்கையா, பரவால்லீங்க, அதனாலென்னங்க" என்று அந்தப் பக்கம் அண்ணிக்குப் பதில் சொன்னாள் கருப்பாத்தாள். கொங்குக்காரி இத்தனை 'ங்க' போட்டுப் பேசினால் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை என்று அர்த்தம்.

பாலுசாமி மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தார். தண்ணீர் வேண்டாம் என்றது தொண்டை. ஆனால் முகம் அத்தனை வேகமாகத் திரும்பியதே, அதுவும் நரம்புக் கோளாறா? அது பழைய வீம்பு. தனக்கே அது தெரிந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் இனி வரவே மாட்டாளோ என்று பயமாகவும் இருந்தது.

மருந்தில் விக்கல் அடங்கியது. ஷ்ரவ்யா ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்க வேண்டும். அப்போது கெட்ட பக்கம் மூடிக்கொள்ளும், நல்ல பக்கமாக இறங்கும். எச்சிலை வைத்து அவர் பழகினார், பழகினார், கழுத்து வலிக்கிற மட்டும் பழகினார். ஒருநாள் ஷ்ரவ்யா, "நாளைக்கு ஸ்பூன்ல தண்ணி குடுத்துப் பாக்கலாமுங்கய்யா, மாவு கலந்து கெட்டியா, மெதுவா எறங்கற மாதிரி" என்றாள்.

பாலுசாமி மனைவியைப் பக்கத்தில் அழைத்தார். குரல் கரகரவென்று வந்தது. "கருப்பாத்தாள வரச்சொல்லு. அவ ஊட்டுத் தண்ணியோட."

அவள் வந்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூடிபோட்ட சொம்பில் கொண்டுவந்திருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. ஷ்ரவ்யா அதில் மாவைக் கலந்து, ஸ்பூனை எடுக்கப் போனாள். பாலுசாமி தங்கையைக் கைகாட்டினார்.

வலப்பக்கம் நின்ற கருப்பாத்தாள் ஸ்பூனை நீட்டினாள். அவர் வாயில் வாங்கிக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பினார்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே திருப்பல். துப்பப் போகிறார் என்றே நினைத்தாள். ஷ்ரவ்யா ஏதோ சொல்ல வந்தாள். பொற்கொடி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பாலுசாமி தாடையைத் தாழ்த்தினார். தொண்டைக்குமிழ் ஏறியது, அங்கேயே கொஞ்சம் தயங்கியது, பிறகு இறங்கியது. இருமல் வரவில்லை.

"குரல்ல தண்ணி சத்தம் இருக்குதான்னு கேக்கோணும். ஏதாவது பேசுங்கய்யா" என்றாள் ஷ்ரவ்யா.

அவர் முகத்தை மெல்லத் தங்கையின் பக்கம் திருப்பினார்.

"உன்ற ஊட்டுத் தண்ணிதான் அம்மணி. இன்னொரு வாய் குடு."