பாரம் ஏறாத எலும்பு

மேஸ்திரிக்குக் கான்கிரீட்டைத் தெரியும், எலும்பைத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆளா அவர்! ஆஸ்பத்திரியில் மனைவிக்கு இடுப்பு மூட்டை மாற்றி, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு இறக்கி வீட்டுக்கு அனுப்பியதுமே கறாராகச் சொல்லிவிட்டார்.

"புதுசாப் போட்ட தூண் மேல எவனாவது பாரம் ஏத்துவானா? நல்லா இறுகட்டும். அதுவரைக்கும் நீ கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பினார். தானும் வேலைக்குப் போவதை நிறுத்தினார். காலமெல்லாம் ஊர் ஊராகக் கட்டடம் கட்டப் போய், சம்பளத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிய மனுஷன், இப்போது சமைத்தார், துவைத்தார், அவளுக்குத் தலைகூடப் பின்னிவிட்டார். பின்னல் கோணல்மாணலாகத்தான் வந்தது.

"தூக்குக்குண்டு பிடிச்சுச் சுவர் எழுப்புற கைக்கு ஒரு சடை நேரா வரலையே!" என்று அவள் சிரிப்பாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இன்னும் இருக்குங்க" என்பாள். அவ்வளவுதான், மறுபடியும் படுக்கை. மாதங்கள் இப்படியே ஓடின.

ஒருநாள் காலை கட்டிலோரம் எழுந்து நின்றாள். விழவில்லை, வழுக்கவில்லை. "அம்மா!" என்று அலறி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். தண்டைச் சுற்றி வெள்ளைவெளேரென்று இருந்த எலும்பு, புதுப் படத்தில் நைந்த துணி மாதிரி மங்கிக் கிடந்தது. ஓரமாக ஒரு விரிசல்.

"பாரத்தைத் தண்டு வாங்கிக்கறதால சுத்தியிருக்கற எலும்பு கொஞ்சம் மெலியறது சகஜம்தான். ஆனா நடக்க நடக்க ஓரளவு தாக்குப்பிடிக்கும். எலும்பு கான்கிரீட் இல்லைங்க, பாரம் ஏறினாத்தான் அதுக்கு உரம். இவங்க நடக்கவே இல்லையே!"

"திரும்ப ஆபரேஷன் பண்ணினா நடப்பாளா டாக்டர்?"

"யாராவது பிடிச்சுக்கிட்டா நாலு எட்டு வைக்கலாம். தனியா நடக்கறது சந்தேகம்தான்."

மேஸ்திரி வார்டுக்குப் போய் அவள் கட்டிலருகே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான்! என் கையாலேயே உன்னை முடக்கிட்டேனே!"

அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு ஆபரேஷன் வலி எப்பவோ நின்னுபோச்சுங்க."

"அப்புறம் ஏன்டி வலிக்குது வலிக்குதுன்னு சொன்னே?"

"இல்லேன்னு சொன்னா நீங்க வேலைக்குக் கிளம்பிடுவீங்களே."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அத்தனை தடவையும் வாசல்வரை வந்து வழியனுப்பியவள், ஒருமுறைகூடப் போகாதீங்க என்று சொன்னதில்லை. இருக்கட்டுமா என்று அவரும் கேட்டதில்லை. மேஸ்திரி அவள் காலடியில் உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதார்.