இரண்டாவது ஆளுக்கு நிலமில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடியோ கேம் விளையாடத் தெரியாது. ஆனால் இந்தக் கதை ஒரு வீடியோ கேம் விமர்சனத்திலிருந்துதான் வந்தது. அந்த விமர்சனத்தின் நடுவில், வாய் ஓயாமல் பேசும் இரண்டு பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்திய ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து வந்தது என்றால் இன்னும் சரி.

கூத்தாநல்லூரில் சஃபியா என்று ஒரு பெண். பக்கத்துக் கிராமத்தில் ஆனந்தவல்லி என்று ஒரு பெண். (பெயர்கள் நான் வைத்தவை. வேறு சிலவற்றையும் நானே வைத்திருக்கிறேன், அவ்வப்போது ஒத்துக்கொள்வேன்.) திருவாரூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டத்தை விளையாடிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் விமர்சனம் போடுவார்கள். நான் திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். என்னவோ தேடப்போய் இவர்களிடம் மாட்டிக்கொண்டேன். ஆட்டம் புரியவில்லை, பேச்சு பிடித்துவிட்டது. கஜா புயலுக்கு முந்தின சம்பாவின்போது அது.

அந்த மௌனம் வந்த விமர்சனத்தோடு சேனல் நின்றுபோயிற்று. அடுத்த ஞாயிறு ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பொங்கல் போயிற்று. குரலை மட்டும் கேட்டு, முகம்கூடப் பார்க்காத இரண்டு பெண்களுக்காக நான் ஞாயிறுதோறும் போனைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அதுங்களுக்குக் கல்யாணம் கில்யாணம் ஆயிருக்கும். சாப்புட வாங்க," என்றாள் என் மனைவி சாவித்திரி.

மாசியில் ஒரு மத்தியானம் புது வீடியோ வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. இந்தக் கதை அந்த அப்பாடாவில் எழுதப்படுவது. ஆகவே இதில் யாரும் சாகமாட்டார்கள். பயப்படாமல் படிக்கலாம்.

2

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்:

"வெண்ணாற்றில் தாமதமாகத் தண்ணீர் வந்த அந்த ஆண்டு, அப்துல் வஹாப் தன் நிலத்தை விற்றுவிடுவதென்று"

வேண்டாம். ஆற்றில் இறங்கினால் நான் கரையேற மூன்று பக்கம் ஆகும். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது:

"வரப்பில் சங்கத்தின் கொடி நட்டிருந்தது. அதன் நிழலில் நாகநாதன் குந்தியிருந்த"

ஒரு கொடிக்கு அவ்வளவு நிழல் கிடையாது. மேலும், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை என்றால் கொடி, அரிவாள், ரத்தம் எல்லாம் வேண்டும் என்று கேட்கும் பத்திரிகையாசிரியர் ஒருவர் என் மண்டைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுந்து போகச் சொன்னேன். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது, அவர்களுடைய தொடக்கமே: "இலவசத்துல ஓடுமா?"

இது இருக்கட்டும்.

3

ஒவ்வொரு விமர்சனமும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். 'இலவசம்' என்பது ஆனந்தவல்லிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அதில் ஓடாத ஆட்டம் எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும் அவர்களுக்கு ஆட்டமே இல்லை. ஒரு வாரம் கார் பந்தயம்: "கார் நம்ம டவுன் பஸ் மாரி குலுங்குது. ஆனா போய்ச் சேந்துடுது. பத்துக்கு ஏழு." ஒரு வாரம் பேய் ஆட்டம்: "பேய் வர்றதுக்குள்ள லேப்டாப் நின்னுபோயிடுது. அதனால பயமே இல்ல, தைரியமா வாங்கலாம்." ஒரு வாரம் வேட்டை. மானைச் சுடமாட்டேன் என்று ஆனந்தவல்லி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அரைமணி நேரம் காட்டைச் சுற்றிப் பார்த்தாள். அதற்கு ஒன்பது கொடுத்தார்கள், காட்டுக்கு.

ஆனந்தவல்லி வீட்டில் முந்தின ஆட்சி கொடுத்த டிவி இருந்தது. இந்த ஆட்சி கொடுத்த மிக்சியும் மின்விசிறியும் லேப்டாப்பும் இருந்தன. நிலம் மட்டும் எந்த ஆட்சியிலும் வந்து சேரவில்லை. அவளுடைய அப்பா நாகநாதன் குத்தகைக்கு உழுதார். அந்த நிலம் சஃபியா 'அத்தா' என்று கூப்பிடும் அவளுடைய அப்பா அப்துல் வஹாபுடையது. அவர் மலேசியாவில் துணிக்கடை வைத்திருந்து, கடையை மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர்.

தோழிகள் இருவரும் இதைப்பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன். பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

4

இனி அந்த வாரத்து ஆட்டம். விவசாய ஆட்டம். எங்கோ வெளிநாட்டில் ஒரு பண்ணை. திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் விளையாடலாம். பண்ணை முதல் ஆளின் பெயரில் இருக்கும். இரண்டாவது ஆள் விருந்தாளி.

ஆனந்தவல்லியின் லேப்டாப்பை சஃபியா வீட்டுக் கூடத்தில் வைத்து விளையாடினார்கள். சஃபியா முன்னால் உட்கார்ந்ததால் முதல் ஆளானாள். அதில் ஒரு சூழ்ச்சியும் இல்லை.

விவசாயம் என்றதும் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. "இத நாங்க கண்ண மூடிக்கிட்டு ஆடுவோம்," என்று ஆனந்தவல்லி மைக்கில் சவால் விட்டாள். ஆட்டத்தில் வெயில் காலம் முடிகிற வரைக்கும் சும்மா இருந்தார்கள். இலை உதிரத் தொடங்கியதும் பண்ணை முழுக்க நெல் விதைத்தார்கள். சம்பாவுக்கு அதுதானே பருவம்? தையில் அறுத்துவிடலாம் என்று கணக்கு.

தையில் பனி கொட்டியது. நம் ஊர்ப் பனி இல்லை, வெள்ளை வெளேரென்று, முழங்கால் ஆழத்துக்கு. பயிர் முழுக்கச் செத்துவிட்டது.

"அய்யய்யோ, என்னடி இது உப்பளம் மாரி இருக்கு!" என்று கத்தினாள் ஆனந்தவல்லி. சஃபியா சிரித்துச் சிரித்து மைக்கைத் தட்டிவிட்டாள். நானும் சாவித்திரியும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஊரில் எவ்வளவோ பேர் பார்த்தார்கள். உலகத்தில் வேறு யாரும் அந்த ஆட்டத்தில் இப்படித் தோற்றிருக்க முடியாது.

5

மறுபடி விதைத்தார்கள், இந்தத் தடவை ஆட்டம் சொன்ன பருவத்தில். பயிர் வந்தது. ஆனந்தவல்லிதான் தண்ணீர் பாய்ச்சினாள், களை எடுத்தாள். கதிர் வந்த சமயத்தில் தொப்பி போட்ட ஓர் ஆள் பண்ணை வாசலில் வந்து நின்றான்.

இந்த நிலத்தை விற்கிறாயா? ஆம் / இல்லை.

(ஆட்டம் ஆங்கிலத்தில்தான் கேட்டது. கதை என்னுடையது, அதனால் தமிழில் கேட்கிறது.)

"ஆகா, தரகர் வந்துட்டாருப்பா," என்று சஃபியா விளையாட்டாக 'ஆம்' மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏய், பயிரு நிக்கிதுடி," என்றாள் ஆனந்தவல்லி.

அங்கேதான் அந்த மௌனம்.

எங்கள் பக்கத்தில் பயிர் நிற்கும்போது நிலத்தில் கை வைக்கமாட்டார்கள். பங்காளிச் சண்டை, கோர்ட்டு வழக்கு எதுவானாலும் அறுப்பு முடிந்துதான். ஆனால் அந்த வாரம், இராஜாங்கம் என்ற தரகர் அப்துல் வஹாபின் பேச்சைக் கேட்டு, பால் பிடித்திருந்த பயிருக்குள் இறங்கி டேப் வைத்து அளந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். மனை போடுகிறவர்களுக்குக் காட்ட. மறுநாள் விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் விற்பனையைத் தடுக்க வரப்பில் கொடி நட்டார்கள். இதெல்லாம் ஆனந்தவல்லிக்குத் தெரியும். சஃபியாவுக்கு அந்தக் கணத்தில்தான், தோழியின் குரலில், தெரிந்தது. (இராஜாங்கம் என் கற்பனை. மௌனம் என் கற்பனை இல்லை. இப்போதும் அந்த வீடியோவில் போய்க் கேட்கலாம்.)

பிறகு ஆனந்தவல்லி மெதுவாகக் கேட்டாள். "வித்தா நான் எங்க போவேன், இதுல?"

"ஒம் பக்கம் அணைஞ்சிடும்னு போட்டிருக்கு." சஃபியா அம்பை நகர்த்தினாள். 'இல்லை'யை அழுத்தினாள்.

தீர்ப்பை ஆனந்தவல்லிதான் சொன்னாள். "ரெண்டாவது ஆளு உழுவலாம், தண்ணி பாய்ச்சலாம், அறுக்கலாம். நெலம் மட்டும் கெடையாது. நான் முட்டதான் போடுவேன்." சஃபியா நாலு போட்டாள். இருவரின் மதிப்பெண்ணும் வேறுவேறாக வந்த ஒரே வாரம் அது.

அந்த இடத்தை வெட்டிவிட்டு வீடியோவைப் போட்டிருக்கலாம். சஃபியா வெட்டவில்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான்.

6

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத ஆள் அப்துல் வஹாப். அவரை வில்லனாக எழுதினால் எளிது. அந்தப் பத்திரிகையாசிரியர் சந்தோஷமாகத் திரும்பி வந்து உட்காருவார். ஆனால் கடையை மூடிவிட்டு வந்த மனிதருக்குக் கையில் இருப்பது நிலம் ஒன்றுதான். மகள் கல்யாணம் இருக்கிறது. அவர் விற்க நினைத்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. பயிரில் ஆளை இறக்கியதில்தான் வந்தது.

வீடியோவின் அந்தத் துண்டு மட்டும் சங்கத்து வாட்ஸ்அப்புகளில் சுற்றியது. பள்ளிவாசல் வாசலில் யாரோ அவரிடமே காட்டிவிட்டார்கள்.

"பெத்த மவளே மைக்கப் புடிச்சி என்னை ஏசுறா. ஊரே சிரிக்கிது," என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லலத்தா. ஆட்டத்தப் பத்திதான் பேசினோம்."

"அப்ப காட்டு அந்த ஆட்டத்த. நானும் பாக்குறேன்."

சஃபியா தன் லேப்டாப்பைத் திறந்தாள். முதல் ஆள் அவள். இரண்டாவது ஆள் அத்தா. நிலத்துச் சேற்றில் ஒருநாளும் கால் வைக்காத மனிதர், பாதித் திரையில் ஒரு சின்ன மண்வெட்டியோடு நின்றார். முதலில் முறைத்துக்கொண்டே கொத்தினார். வெங்காயம் நட்டார். நட்டது முளைத்ததும் முகம் கொஞ்சம் இளகியது. "தண்ணி எங்க ஊத்துறது? ஏ, அந்தப் பக்கம் காயிது பாரு," என்று மகளை அதட்டினார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை வெங்காயத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

தொப்பிக்காரன் வந்தான். சஃபியா 'ஆம்' என்று அழுத்தினாள். அத்தாவின் பாதித் திரை கறுத்துப்போயிற்று.

"ஏ, எங்க? என் வெங்காயம் எங்க?"

"வித்துட்டேன்த்தா."

"நட்டது நான்ல? என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

அவர் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேடு கெட்ட ஆட்டம்," என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

7

இதைச் சாவித்திரியிடம் வாசித்துக் காட்டினேன்.

"வெங்காயத்துக்காக ஒரு மனுசன் நெலத்த விடுவானா? எவன் நம்புவான்?"

நியாயம். ஆகவே ஒரு வக்கீலைச் சேர்க்கிறேன். நாகநாதன் பெயர் குத்தகைப் பதிவில் ஏறியிருக்கிறது, வழக்கென்று போனால் உங்கள் பேரன் காலத்தில்தான் முடியும் என்று வக்கீல் அந்த வாரமே சொல்லியிருந்தார். மனம் மாறியது வெங்காயத்தாலா வக்கீலாலா என்று எனக்குத் தெரியாது. அப்துல் வஹாபுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் வக்கீல் சொன்னதை மட்டும் கேட்டவர் என்றால் வயலுக்கு ஆளனுப்பியிருப்பார். அவர் தானே போனார். அதை நான் வெங்காயத்தின் கணக்கில் எழுதுகிறேன்.

போனவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றார். நாகநாதன் தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்தார்.

"கொடியப் பாத்துட்டு வந்தீங்களா பாய்?"

"இல்ல, வெங்காயத்தப் பாத்துட்டு."

நாகநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வட்டாரத்திலேயே வெங்காயம் கிடையாது.

"பயிருக்குள்ள ஆள எறக்குனது தப்பு நாகநாதன். மொதல்ல அறுப்ப முடிங்க. அப்பறம் பேசுவோம். நெலத்துல எனக்கு ஒரு பங்கு, ஒங்களுக்கு ஒரு பங்கு. ஒங்க பங்க ஒங்க பேருலயே எழுதிடுவோம்."

நாகநாதன் என்ன சொன்னார்? நான் எழுதிய வசனம் ஒவ்வொன்றும் நாடகம்போல் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் துண்டை உதறி மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். அவ்வளவு போதும்.

8

வேறு முடிவுகளும் வைத்திருந்தேன். ஒன்றில் பயிரோடு நிலம் கைமாறி, நாகநாதன் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார். எழுதும்போதே கிழித்துவிட்டேன். இன்னொன்றில் ஊரே கூடிப் பிரியாணி சாப்பிடுகிறது. அது சாவித்திரியின் யோசனை. அவளுக்கு அன்று பசி.

ஆனால் மாசியில் வந்த அந்த வீடியோ இருக்கிறதே, அதை நான் மாற்ற முடியாது. நான் சொன்ன நடுப்பகுதியெல்லாம் அதை நம்புவதற்காக நானே கட்டிக்கொண்டதுதான்.

வீடியோவில் ஆனந்தவல்லி மட்டும் இருக்கிறாள். அவள் வீடுதான், பின்னால் கோழிச் சத்தம் கேட்கிறது. "இலவசத்துல ஓடுமா?" என்று கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறாள்: "அறுப்பு முடிஞ்சிது. எங்கப்பா பேருக்கு ஒரு பங்கு பத்திரம் பதிஞ்சாச்சு. அதனால இந்த வாரம் புது ஆட்டம் இல்ல, அந்தப் பழைய ஆட்டந்தான். இந்தத் தடவ மொத ஆளு நான்."

சஃபியாவின் குரல் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் இருவரும் பேசிக்கொண்டார்களா தெரியவில்லை. நிலத்தைப் பங்கு பிரிக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இதற்கு யாரும் இல்லை. சஃபியா வீட்டுக் கூடம் ஞாயிறு மத்தியானம் காலியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆனந்தவல்லி தனியாக மண்ணைக் கொத்துகிறாள். இரண்டாவது பாதித் திரை கறுப்பாகக் கிடக்கிறது. திடீரென்று கொத்துவதை நிறுத்துகிறாள். தூரத்திலிருந்து, இணையம் வழியாக, யாரோ ஆட்டத்துக்குள் வரக் கேட்கிறார்கள்.

சஃபியா உங்கள் நிலத்துக்குள் வர விரும்புகிறார். அனுமதிக்கலாமா? ஆம் / இல்லை.

நான் அங்கேயே வீடியோவை நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இத்தனை நாள் அடித்துக்கொண்ட மனசுக்கு இந்தக் கேள்வி வந்ததே போதும்.

அம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீங்கள் அழுத்துங்கள். சீக்கிரம். வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள்.